கர்மேல் மலையும் நாபோத்தின் தோட்டமும்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அசீரியப் பேரரசன் மூன்றாம் சல்மனேசர் நிறுத்திய கல் ஒன்று இருக்கிறது. இன்றைய துருக்கியின் தென்கிழக்கிலுள்ள கூர்க் என்னும் இடத்தில் 1861-இல் அது கண்டெடுக்கப்பட்டது. கி.மு. 853-இல் கர்கார் போர்க்களத்தில் தன்னை எதிர்த்து நின்ற மன்னர்களின் பட்டியலைச் சல்மனேசர் அதில் பொறித்திருக்கிறான். இஸ்ரவேல் நாட்டு ஆகாப் 2,000 தேர்களுடனும் 10,000 வீரர்களுடனும் வந்ததாக அப்பட்டியல் சொல்கிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள மோவாப் மன்னன் மேசாவின் கல்வெட்டில், ஆகாபின் தந்தை உம்ரியின் பெயர் காணப்படுகிறது. இஸ்ரவேல் அரசர்களுள் இவ்வளவு தெளிவாகக் கல்லில் இடம்பெற்ற முதல் குலம் இதுவே.

அதே காலத்தில், அதே நாட்டில் வாழ்ந்த இன்னொருவரின் பெயர் இதுவரை கிடைத்த எந்தக் கல்லிலும் இல்லை. அவருக்கு அரண்மனை இல்லை, படை இல்லை, நிலம் இருந்ததாகவும் குறிப்பு இல்லை. உரோமமும் தோல் கச்சையுமே அவருடைய அடையாளங்கள். ஆயினும் இருபத்தெட்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் ஆகாபை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த மனிதரை முன்னிட்டுத்தான். அவர் எலியா. யூதர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகிய மூன்று சமயத்தாரும் போற்றும் தீர்க்கதரிசி.

எலியாவைச் சிலை வழிபாட்டுக்கு எதிராகப் போராடியவர் என்றே பொதுவாக அறிவோம். கர்மேல் மலையில் வானிலிருந்து நெருப்பை இறக்கியவர் என்ற சித்திரமே மனத்தில் நிற்கிறது. ஓவியர்கள் அக்காட்சியைத் தீட்டினார்கள். 1846-இல் பர்மிங்காமில் அரங்கேறிய மெண்டல்சனின் இசைப்படைப்பும் அதையே முழங்கியது. ஆனால் விவிலியத்தின் அரசர் நூல்களில் அவருடைய வரலாற்றைத் தொடர்ந்து வாசிப்போருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. வானத்து நெருப்பைக் கண்டும் மனம் மாறாத அரசன், ஓர் எளிய குடிமகனின் திராட்சைத் தோட்டத்தில்தான் உடைந்து போனான். எலியாவின் எதிர்ப்பு எதைப் பற்றியது என்பதற்கான விடை கர்மேலைவிட அந்தத் தோட்டத்தில்தான் தெளிவாகக் கிடைக்கிறது.

விலைக்கு வந்த மலை

சாலொமோனுக்குப் பின் அவனுடைய நாடு இரண்டாகப் பிரிந்தது. தெற்கே எருசலேமைத் தலைநகராகக் கொண்ட யூதா. வடக்கே அதைவிடப் பெரிய, வளமான இஸ்ரவேல். வடக்கில் அரசர்கள் அடிக்கடி கொல்லப்பட்டனர். அந்தக் குழப்பத்தின் நடுவே, கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைத்தலைவனாக இருந்து அரியணை ஏறியவன் உம்ரி. சேமேர் என்பவனிடமிருந்து ஒரு மலையை இரண்டு தாலந்து வெள்ளிக்கு வாங்கினான். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 60 முதல் 70 கிலோ வெள்ளி. அந்த மலைமீது எழுந்த புதிய தலைநகரமே சமாரியா.

உம்ரி தன் மகன் ஆகாபுக்கு மணமுடித்து வைத்த பெண், சீதோனியரின் அரசனான ஏத்பாகாலின் மகள் யேசபேல். இது வெறும் குடும்ப உறவன்று. தீரு, சீதோன் ஆகிய துறைமுக நகரங்களில் வாழ்ந்த பெனிசியரிடம் கப்பல்கள் இருந்தன. கேதுரு மரம் இருந்தது. விலையுயர்ந்த கருஞ்சிவப்புச் சாயம் இருந்தது. அவர்களிடம் இல்லாதது விளைநிலம். இஸ்ரவேலில் கோதுமையும் ஒலிவ எண்ணெயும் திராட்சை ரசமும் விளைந்தன. கடல் வாணிகம் இல்லை. ஒருவரிடம் மிகுந்தது மற்றவருக்குத் தேவை. பொருளாதார மாணவனின் கண்ணுக்கு இதைவிட நேர்த்தியான உடன்படிக்கை கிடையாது. ஆகாபின் காலத்தில் நாடு செழித்தது. அவன் கட்டிய தந்த மாளிகையைப் பற்றி விவிலியம் குறிப்பிடுகிறது. சமாரியா அகழாய்வுகளில் பெனிசிய வேலைப்பாடு கொண்ட நூற்றுக்கணக்கான தந்தத் துண்டுகள் கிடைத்துள்ளன.

உடன்படிக்கையோடு அரசியின் தெய்வமும் வந்தது. ஆகாப் சமாரியாவில் பாகாலுக்குக் கோயில் கட்டி, பீடம் அமைத்தான். பாகாலுக்கென 450 தீர்க்கதரிசிகளும் அசேரா தேவிக்கென 400 பேரும் அரசியின் பந்தியில் உண்டு வாழ்ந்தனர். வேற்று நாட்டு அரசிக்கு அவள் வழிபடும் இடம் ஒன்றைக் கொடுப்பது அக்காலத்தில் புதிதன்று. சாலொமோனும் அதைச் செய்திருந்தான். ஆனால் யேசபேல் அத்துடன் நிற்கவில்லை. இஸ்ரவேலரின் இறைவனான யாவேயின் பீடங்கள் இடிக்கப்பட்டன. அவருடைய தீர்க்கதரிசிகள் தேடித்தேடிக் கொல்லப்பட்டனர். அரண்மனை நிர்வாகியாக இருந்த ஒபதியா என்பவர், அரசிக்குத் தெரியாமல் நூறு பேரை ஐம்பது ஐம்பதாகக் குகைகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினார். அடக்குமுறையின் நடுவே அரண்மனைக்குள்ளேயே இருந்து உயிர்களைக் காத்த அந்த மனிதரை வரலாறு அதிகம் பாராட்டவில்லை.

வானம் பார்த்த பூமி

பாகால் யார் என்பதை அறியாமல் எலியாவை அறிய முடியாது. சிரியக் கடற்கரையிலுள்ள ராஸ் ஷம்ராவில் 1929-இல் தொடங்கிய அகழாய்வில் உகரித் என்னும் பழைய நகரமும் அதன் களிமண் பலகைகளும் வெளிப்பட்டன. அவற்றில் பாகாலைப் பற்றிய நெடிய புராணம் இருக்கிறது. பாகால் இடியின் தெய்வம், மேகத்தின்மேல் ஊர்ந்து வருபவன், மழையை அளிப்பவன். மரணத்தின் தெய்வமான மோத்திடம் அவன் வீழும்போது நிலம் வறள்கிறது. அவன் மீளும்போது மீண்டும் செழிக்கிறது.

எகிப்துக்கு நைல் உண்டு. மெசபொத்தாமியாவுக்கு இரண்டு பேராறுகள் உண்டு. இஸ்ரவேலின் மலைநாட்டுக்கு அப்படி ஓர் ஆறு இல்லை. ஐப்பசி வாக்கில் தொடங்கிப் பங்குனி வரை பெய்யும் மழையும் கோடைப் பனியும்தான் அதன் உயிர். வானம் பார்த்த பூமி என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அத்தகைய நிலத்தில் உழவன் மழைத் தெய்வத்தை நாடியதில் வியப்பில்லை. அவன் யாவேயை மறுக்கவுமில்லை. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து முன்னோரை மீட்ட இறைவன் அவர். போருக்கும் வழக்குக்கும் அவர். விதைப்புக்கும் அறுவடைக்கும் பாகால். இழப்பைக் குறைப்பதற்காக முதலீட்டைப் பல இடங்களில் பிரித்து வைப்பவனின் மனநிலைதான் இது.

இந்தச் சூழலில், யோர்தானுக்குக் கிழக்கேயுள்ள கீலேயாத்திலிருந்து முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் வந்து ஆகாபின் முன் நின்றார் எலியா. அவருடைய தந்தை யார், தொழில் என்ன என்று நூல் சொல்வதில்லை. திஸ்பியைச் சேர்ந்தவர் என்பதோடு சரி. யாவேயே என் இறைவன் என்பது அவர் பெயரின் பொருள். அந்தப் பெயரே ஓர் அறிவிப்பு. தம் வாய்ச்சொல் இன்றி இனிவரும் ஆண்டுகளில் பனியும் இல்லை, மழையும் இல்லை என்று அரசனிடம் சொல்லிவிட்டு மறைந்தார். பாகாலின் அதிகாரம் எதில் இருப்பதாக நம்பப்பட்டதோ, சரியாக அதிலேயே அவர் கைவைத்தார். அக்காலத்தில் வறட்சி ஒன்று ஏற்பட்டது என்பதற்கு வேறொரு பக்கத்திலிருந்தும் குறிப்பு உண்டு. தீரு மன்னன் ஏத்பாகாலின் ஆட்சியில் ஓராண்டு மழை பொய்த்ததாக மெனாந்தர் என்ற பழைய ஆசிரியர் எழுதியதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எடுத்துக்காட்டியிருக்கிறார்.

வறட்சியை அறிவித்தவரும் அதற்குத் தப்பவில்லை. கேரீத் ஓடையருகே காகங்கள் கொண்டுவந்த உணவை உண்டு வாழ்ந்தார். ஓடை வற்றியது. அங்கிருந்து அவர் போன இடம்தான் கவனிக்கத்தக்கது. அவர் யூதாவுக்குப் போகவில்லை. சீதோனுக்கு அடுத்த சாறிபாத் ஊருக்குப் போனார். யேசபேலின் தாய்நாடு, பாகாலின் சொந்த மண். அங்கே ஊர் வாசலில் ஒரு கைம்பெண் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயுமே மிச்சம். தானும் மகனும் அதைச் சமைத்துண்டபின் சாவை எதிர்நோக்கியிருப்பதாகச் சொன்னாள். அந்தப் பிடி மாவில்தான் எலியா பங்கு கேட்டார்; அவளும் கொடுத்தாள். வறட்சி தீரும்வரை அந்தப் பானை காலியாகவில்லை, கலயம் வற்றவில்லை என்கிறது நூல். பின்னர் அவள் மகன் நோயுற்று இறந்தபோது அவனுக்கு உயிர் திரும்ப வேண்டி மன்றாடியவரும் எலியாவே. வேற்று இனத்தை வெறுத்தவர் அல்லர் எலியா என்பதற்கு இந்த அத்தியாயமே சான்று. பாகாலின் நாட்டு ஏழை ஒருத்தியின் வீட்டில் உண்டு வாழ்ந்தவர் அவர். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு நாசரேத்தில் இயேசு இதை நினைவூட்டியபோது, கேட்டவர்கள் சினம் கொண்டு அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள்.

இதற்கிடையில் சமாரியாவில் அரசன் என்ன செய்துகொண்டிருந்தான்? ஒபதியாவையும் கூட்டிக்கொண்டு நாடெங்கும் புல் தேடினான். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சாகாமல் காப்பாற்ற வேண்டும் என்பது அவன் கவலை. அசீரிய மன்னர்கள் எண்களைப் பெருக்கிச் சொல்வது உண்டு. ஆயினும் கர்காரின் 2,000 தேர்கள் உண்மையானால், தேருக்கு இரண்டு குதிரை என்றாலும் நான்காயிரம் குதிரைகள். பஞ்சத்தில் மக்களுக்காக அவன் களஞ்சியத்தைத் திறந்தான் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு பக்கம் கைம்பெண்ணின் ஒரு பிடி மாவு, மறுபக்கம் அரசனின் குதிரைகள். கதை சொன்னவர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் அன்று.

நெருப்பும் அதற்குப் பின்னும்

மூன்றாம் ஆண்டில் எலியா திரும்பி வந்தார். நாட்டைக் கலங்கடிப்பவன் என்று ஆகாப் அவரைச் சாடினான். கலக்கத்துக்குக் காரணம் அரசனும் அவன் குலமுமே என்று அவர் பதிலளித்தார். மக்களையும் பாகாலின் 450 தீர்க்கதரிசிகளையும் மத்தியதரைக் கடலை நோக்கி நீளும் கர்மேல் மலையில் கூட்டச் சொன்னார். அது சீதோனின் நாட்டை ஒட்டிய எல்லைப் பகுதி.

மக்களிடம் அவர் கேட்டது ஒன்றே: எத்தனை நாளைக்கு இரு பக்கமும் சாய்ந்து நொண்டிக்கொண்டிருப்பீர்கள்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்திருந்த மக்கள் வாய் திறக்கவில்லை. இரண்டு காளைகள் பலிக்கு வைக்கப்பட்டன. நெருப்பு மூட்டக்கூடாது, எந்தத் தெய்வம் நெருப்பால் மறுமொழி தருகிறதோ அதுவே தெய்வம் என்பது ஏற்பாடு. பாகாலின் தீர்க்கதரிசிகள் காலை முதல் பிற்பகல்வரை கூப்பிட்டார்கள், ஆடினார்கள், கத்தியால் தங்களைக் கீறிக்கொண்டார்கள். உங்கள் தெய்வம் பயணம் போயிருக்கலாம், தூங்கிக்கொண்டிருக்கலாம் என்று எலியா எள்ளினார். மாலையில், இடிக்கப்பட்டுக் கிடந்த பழைய பீடத்தைப் பன்னிரண்டு கற்களால் எடுத்துக் கட்டினார். நாடு இரண்டாகிப் பல பத்தாண்டுகள் ஆகியும் பன்னிரண்டு குலங்களையும் அவர் விடவில்லை. நான்கு குடம் நீரை மூன்று முறை பலியின்மேல் ஊற்றச் செய்தார். பஞ்ச காலத்தில் பன்னிரண்டு குடம் நீரின் மதிப்பு என்னவென்று எண்ணிப் பார்க்கலாம். நெருப்பு இறங்கியது, பலியையும் விறகையும் கல்லையும் மண்ணையும் நீரையும் பட்சித்தது. மக்கள் முகங்குப்புற விழுந்து யாவேயே இறைவன் என்று அறிக்கையிட்டார்கள்.

அன்று கீசோன் ஓடையருகே பாகாலின் தீர்க்கதரிசிகள் அனைவரும் எலியாவின் சொற்படி கொல்லப்பட்டார்கள். இதை மறைத்து அவர் வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது. யேசபேல் முன்பே கொலைகளைத் தொடங்கியிருந்தாள் என்று காரணம் காட்டலாம். காலத்தின் இயல்பு என்றும் சொல்லலாம். ஆயினும் நம்பிக்கையின் பெயரால் செய்த கொலையை எந்தத் தரப்பு செய்திருந்தாலும் போற்ற முடியாது. எலியாவின் எதிர்ப்பு அவருடைய நாட்டில், அவருடைய மக்கள் தங்கள் இறைவனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை முன்னிட்டு எழுந்தது. திருவுருவ வழிபாட்டுக்கு வேறு பொருளும் வேறு தத்துவமும் கொண்ட பிற மரபுகளின்மீது அந்த வாளை நீட்டுவதற்கு அவரைத் துணைக்கு அழைப்பது அறியாமை.

வெற்றியின் விளைவு என்ன? ஏழாவது முறை பார்த்துவிட்டு வந்த பணியாள், கடலிலிருந்து உள்ளங்கை அளவு மேகம் எழுவதாகச் சொன்னான். வானம் கறுத்துப் பெருமழை பொழிந்தது. ஆகாப் மலையில் உண்டு குடித்துவிட்டுத் தேரில் ஏறினான். எலியா தேருக்கு முன்னே யெஸ்ரயேல்வரை ஓடினார். அரசன் மனம் மாறியதாக ஒரு சொல்லும் இல்லை. நடந்ததை மனைவியிடம் போய்ச் சொன்னான், அவ்வளவே. நாளை இந்நேரத்துக்குள் உன் உயிரை எடுப்பேன் என்று அவள் எலியாவுக்குச் செய்தி அனுப்பினாள். முந்தைய நாள் நாட்டையே அசைத்தவர் உயிருக்கு அஞ்சி ஓடினார். தெற்குக் கோடியிலுள்ள பெயெர்செபாவுக்கும் அப்பால், பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் படுத்து, தம்மை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனிடம் வேண்டினார். தம் முன்னோரைவிடத் தாம் மேலானவர் அல்லர் என்று அவர் சொன்னதில் உடைந்த மனிதரின் குரல் கேட்கிறது.

அவருக்கு அப்போது கிடைத்தது அறிவுரையன்று. அப்பமும் தண்ணீரும் உறக்கமும். அந்த வலிமையில் நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தார். பலத்த காற்று வீசியது. இறைவன் அதில் இல்லை. நிலம் அதிர்ந்தது, அதிலும் இல்லை. நெருப்பு எழுந்தது, அதிலும் இல்லை. இறுதியில் மெல்லிய அமைதியின் ஒலி கேட்டது. எலியா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நெருப்பால் வென்று வந்தவருக்கு, நெருப்பில் இறைவன் இல்லை என்று காட்டப்பட்டது. கர்மேலைப் பற்றி அந்த நூலே வழங்கும் தீர்ப்பாகத்தான் நான் இதை வாசிக்கிறேன். தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக வருந்தியவருக்கு, பாகாலுக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் நாட்டில் இருக்கிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. திரும்பும் வழியில், பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருந்த எலிசாவின்மேல் தம் சால்வையைப் போட்டுத் தமக்குப் பின் வருபவராக அவரைத் தெரிந்துகொண்டார்.

விற்பனைக்கு இல்லாத நிலம்

யெஸ்ரயேலில் ஆகாபுக்கு இன்னொரு மாளிகை இருந்தது. அதை ஒட்டி நாபோத் என்பவரின் திராட்சைத் தோட்டம். அதை வாங்கிக் காய்கறித் தோட்டம் போட அரசன் விரும்பினான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது பணமாகவே தருகிறேன் என்றான். வகுப்பறையில் விலைக் கோட்பாட்டை நடத்திய காலங்களில் இந்தக் கதையை மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அரசன் கேட்ட விலை அநியாயமானதன்று. சந்தைக் கணக்கில் நாபோத்துக்கு ஆதாயமே. பெரும்பாலான மாணவர்கள் முதலில் நாபோத்தைப் பிழைக்கத் தெரியாதவர் என்பார்கள்.

நாபோத் மறுத்தார். மூதாதையரின் சொத்தை விற்பது இறைவனுக்கு அடாத செயல் என்றார். இதன் பின்னணியில் ஒரு சட்டம் இருக்கிறது. மோசேயின் நியாயப்பிரமாணப்படி நிலம் இறைவனுடையது. மக்கள் அதில் குடியிருப்போர் மட்டுமே. வறுமையால் விற்றாலும் ஐம்பதாம் ஆண்டில் நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். எந்தக் குடும்பமும் என்றென்றைக்கும் நிலமற்றதாகிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். உம்ரிக்கு ஒரு மலையை விற்க ஆள் கிடைத்தான்; அவன் மகனுக்கு ஒரு தோட்டத்தை விற்க ஆள் கிடைக்கவில்லை. விலைக்கு வராத ஒன்று உலகில் உண்டு என்பதை அந்த அரண்மனை முதன்முதலாக எதிர்கொண்டது.

ஆகாப் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து உணவை மறுத்தான். பிடுங்கிக்கொள்ளத் துணியவில்லை, தனக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. யேசபேலுக்கு அந்தத் தயக்கம் விளங்கவில்லை. நீர்தானே நாட்டை ஆள்கிறவர் என்று வியந்தவள், தோட்டத்தைத் தானே வாங்கித் தருவதாகச் சொன்னாள். அரசனின் முத்திரையிட்ட கடிதங்கள் ஊர்ப் பெரியோருக்குப் போயின. நோன்பு ஒன்று அறிவிக்கப்பட்டது. சட்டம் கோரும் இரண்டு சாட்சிகள் நிறுத்தப்பட்டார்கள். இறைவனையும் அரசனையும் நாபோத் சபித்தார் என்று அவர்கள் சொன்னார்கள். ஊருக்கு வெளியே அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டார். அவருடைய பிள்ளைகளும் கொல்லப்பட்டதை இன்னோர் இடத்தில் நூல் சொல்கிறது. உரிமை கோர வாரிசும் இல்லை.

இதில் நடைமுறைப் பிழை என்று எதையும் சுட்ட முடியாது. ஆவணம் உண்டு, முத்திரை உண்டு, சபை உண்டு, சாட்சி உண்டு. அயல்நாட்டு அரசியின் மீது மட்டும் பழியைப் போட்டுவிடவும் முடியாது. உள்ளூர்ப் பெரியோர் ஒருவர்கூட மறுக்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாபோத்தின் மீது சுமத்தப்பட்டது பாகாலை இகழ்ந்தார் என்ற குற்றமன்று. அவர் எந்த இறைவனுக்காக நிலத்தை விற்க மறுத்தாரோ, அதே இறைவனைப் பழித்தார் என்றுதான் கொன்றார்கள். ஆகவே சிலை என்பது பாகாலின் பீடத்தில் மட்டும் இருக்கவில்லை. தன் விருப்பத்துக்கு மேலே எதுவும் இல்லை என்று கருதும் அதிகாரம், உண்மை இறைவனின் பெயரையும் கருவியாக்கிக்கொள்ளும். எலியா எதிர்த்த சிலைகளில் மிகப் பெரியது இதுவே.

தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள ஆகாப் போனான். அங்கே எலியா நின்றுகொண்டிருந்தார். இந்த முறை மக்கள் கூட்டம் இல்லை, பலி இல்லை, நெருப்பு இல்லை. என் பகைவனே, என்னைக் கண்டுபிடித்துவிட்டாயா என்ற பொருளில் அரசன் கேட்டான். கொலையும் செய்தாய், சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்பதே எலியா வைத்த குற்றச்சாட்டு. நாய்கள் நாபோத்தின் இரத்தத்தை நக்கியது போல் அவனுடைய இரத்தத்தையும் நக்கும் என்றார். ஆகாப் உடையைக் கிழித்துக்கொண்டான், இரட்டு உடுத்தான், நோன்பிருந்தான், தலை தாழ்த்தி நடந்தான். அவன் பணிந்ததால் அவன் குலத்துக்கு உரிய தண்டனை அவன் மகனின் காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. வானத்து நெருப்பால் முடியாததை ஓர் எளியவனுக்காக எழுந்த சொல் செய்து முடித்தது.

உடைந்த பீடம், உடையாத பேராசை

பிற்பாடு ராமோத் கீலேயாத் போரில் மாறுவேடத்தில் சென்ற ஆகாப், குறியின்றி எய்யப்பட்ட அம்பால் காயமுற்று, மாலைவரை தேரில் நின்றபடியே இறந்தான். அவன் மகன் அகசியா மாடியிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்தபோது, எக்ரோன் ஊர்த் தெய்வத்திடம் குறி கேட்க ஆள் அனுப்பினான். அவர்களை வழிமறித்துத் திருப்பியவர் எலியா. அதன்பின் யோர்தானுக்கு அப்பால் எலிசாவோடு பேசிக்கொண்டு போகையில், அக்கினித் தேர் தோன்ற, சுழல்காற்றில் அவர் எடுத்துக்கொள்ளப்பட்டார் என்று வரலாறு முடிகிறது. விழுந்து கிடந்த சால்வையை எலிசா எடுத்துக்கொண்டார்.

கி.மு. 841-இல் படைத்தலைவன் யெகூ கலகம் செய்து ஆகாபின் குலத்தை அழித்தான். ஆகாபின் இன்னொரு மகனான யோராமைக் கொன்று, உடலை நாபோத்தின் நிலத்திலேயே எறியச் செய்தான். பாகாலின் கோயிலை இடித்தான். வழிபட வந்தவர்களை அங்கேயே வெட்டினான். சிலை எதிர்ப்பு முழு வெற்றி பெற்றதாகத் தோன்றும். ஆனால் சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஓசியா தீர்க்கதரிசி, யெஸ்ரயேலில் சிந்திய அந்த இரத்தத்துக்காக யெகூவின் குலம் தண்டிக்கப்படும் என்று அறிவித்தார். எலியாவின் மரபே யெகூவின் வாளை மறுதலித்தது.

நாபோத்துகளின் நிலை மாறியதா என்றால், அதுவும் இல்லை. 1910-இல் சமாரியாவில் கிடைத்த மை எழுத்துப் பானை ஓடுகளில் வாசிக்கக்கூடியவை அறுபதுக்கும் மேல். கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவை, சுற்றுப்புற ஊர்களிலிருந்து தலைநகரத்துக்கு வந்த எண்ணெயையும் பழைய திராட்சை ரசத்தையும் பதிவு செய்கின்றன. அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ் தீர்க்கதரிசி, தந்தக் கட்டில்களில் சாய்ந்திருக்கும் செல்வர்களையும் ஒரு சோடி செருப்புக்காக விற்கப்படும் ஏழைகளையும் பற்றிக் கொதித்துப் பேசினார். பாகாலின் பீடம் போயிருந்தது; அந்தப் பீடத்தின் பின்னே இருந்த ஆசை போகவில்லை.

மக்கள் எலியாவை மறக்கவில்லை. அவர் மீண்டும் வருவார் என்று மல்கியா நூல் சொல்லி முடிகிறது. யூதர்கள் இன்றும் பஸ்கா இரவில் அவருக்கென ஒரு கிண்ணம் நிரப்பி வைத்து, கதவைத் திறந்துவைக்கிறார்கள். ஏழையின் வேடத்தில் வந்து எளியோரின் துயர் தீர்ப்பவராக அவர்களுடைய நாட்டார் கதைகளில் அவர் உலவுகிறார். சீடர் மூவர் காண மலையில் இயேசுவோடு உரையாடியவராக நற்செய்தி நூல்கள் அவரைக் காட்டுகின்றன. இல்யாஸ் என்ற பெயரில் திருக்குர்ஆன் அவரைப் போற்றுகிறது. தம் மக்கள் பாகாலை அழைப்பதை அவர் கண்டித்ததையும் அங்கே காணலாம். எலியாஸ், இல்யாஸ் என்ற பெயர்கள் நம் ஊர்த் தெருக்களிலும் புழங்குகின்றன.

அந்த மூன்று மரபுகளும் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்கின்றன என்பது இன்றும் முடிவாகாத கேள்வி. கர்மேலை மட்டும் எடுத்துக்கொள்வோருக்கு எலியா ஒரு வாள். மாற்றாரின் பீடத்தை இடிப்பது எளிது. அதற்குக் கூட்டம் கூடும். நாபோத்தின் தோட்டத்தில், அரசனுக்கு எதிரே, ஆதரவுக்கு ஒருவரும் இன்றி நிற்பது கடினம். சாட்சியும் முத்திரையும் சரியாக இருக்கும்போதும் அநீதியை அநீதி என்று சொல்ல, தன் இறைவனின் பெயரைத் தன் தரப்பினரே தவறாகப் பயன்படுத்தும்போது அதை மறுக்க, வேறு வகைத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு உள்ள இடத்தில் எலியா ஒவ்வொரு தலைமுறையிலும் திரும்பி வருகிறார். அது இல்லாத இடத்தில், எத்தனை சிலைகள் உடைந்தாலும் பாகாலின் பீடம் அப்படியேதான் இருக்கிறது.